கல்யாணத்துக்கு வந்த தண்ணீர்

ராணிதீகியில் தண்ணீர் நனைப்பதை நிறுத்திவிட்டது.

வராமல் போனது என்றால் சொல்ல வேண்டியதே இல்லை, அது எந்த ஊரிலும் நடப்பது. இங்கே வந்தது. நகராட்சிச் சங்கு ஊதியதும் தெருக்குழாய்கள் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு திறந்தன, தண்ணீர் பளபளவென்று விழுந்தது, வாளி நிறைந்தது, வழிந்தது, குடத்தை இடுப்பில் ஏற்றினால் கனத்தது. ஆனால் கையை உள்ளே விட்டு எடுத்தால் கை காய்ந்தே இருந்தது, துணியை முக்கினால் துணி அழுக்கோடும் மடிப்போடும் மேலே வந்தது, உலையில் போட்ட அரிசி கொதித்துக் கொதித்துப் புரண்டு கடைசியில் போட்டது போலவே கலகலவென்று தட்டில் விழுந்தது, குடித்தவர்களுக்கு வயிறு பொம்மென்று ஊதியதே தவிர நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்க, இன்னொரு செம்பு குடித்து, அதன்மேல் இன்னொன்று குடித்து, கடைசியில் செம்பைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. அதற்கு நேரம் இல்லை. வங்காளத்தின் கிழக்கோரத்தில் இருக்கும் ஊர். நாட்டின் எல்லை ஒரு முறை நகர்ந்து போனதைப் பார்த்த ஊர். எது நின்றாலும் முதலில் அதற்கு மாற்று என்ன என்று பார்க்கிற பழக்கம். பொரியைத் தின்றார்கள். நாவிதர் வெறும் கத்தியால் சவரம் செய்தார், முகங்கள் கோடு கோடாக நடமாடின. காளி கோயில் பூசாரி அபிஷேகத்தைக் கையசைவாலேயே முடித்துக்கொண்டார். மசூதியில் தொழுகைக்கு முன் மண்ணைத் தொட்டு ஒளூ செய்தார்கள், அவர்களுக்கு அதற்கு வழி முன்பே இருந்தது. பல்ட்டுவின் டீக்கடையில் தேயிலை தண்ணீர்மேல் மிதந்ததே தவிர நிறம் விடவில்லை. ஆனாலும் பெஞ்சுக்காரர்கள் நேரம் தவறாமல் வந்து வெறும் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரசியல் பேசினார்கள். பால்கார நிதாய் கோஷின் பாடுதான் மோசம். அவன் பாலில் எந்தப் பங்கு தாகத்தைத் தீர்த்தது, எந்தப் பங்கு தீர்க்கவில்லை என்று ஊர்நாக்கு கண்டுபிடித்துவிட்டது. இத்தனை காலம் மாட்டின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் அன்று முதல் சந்து வழியாகவே போய்வந்தான்.

அழுகைத் தண்ணீர் மட்டும் நனைத்தது. அதை யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை.

முதல் நாள் நகராட்சி அலுவலகத்துக்கு வந்தவர்களை சசாங்கபாபுதான் எதிர்கொண்டார். சசாங்க ஹால்தார், குடிநீர்ப் பிரிவு ஓவர்சியர். தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார், முந்தின நாள்தான் அவர் வீட்டுக் கல்யாணம் நின்றுபோயிருந்தது. ஆனாலும் வேலைக்கு வந்திருந்தார், வீட்டில் இருக்க முடியாமல்.

"தண்ணி வருதா?" என்றார்.

"வருது பாபு."

"வேகம் இருக்கா?"

"பிரமாதமா இருக்கு."

"அப்ப என்ன?"

"நனைக்கலை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேஜைமேல் இருந்த கூஜாவைச் சரித்துத் தன் கைமேல் ஊற்றினார். தண்ணீர் விரல்களின் வழியே ஒழுகி, மேஜையின் தூசிமேல் ஓடி, தூசியைக் கலைக்காமல் தரையில் விழுந்து போயிற்று. அவருக்கு உடனே ஒரு விஷயம் நெஞ்சில் இடித்தது. அதை வெளியே சொல்லாமல், "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். நகராட்சியில் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில்தான்.

நாளைக்கும் அப்படித்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் ஊர்வலம் போனார்கள். காலி வாளி தூக்க வழி இல்லாததால் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கோஷம் போட்டார்கள், கை கடுத்ததால் ஊர்வலம் சீக்கிரம் முடிந்தது. சேர்மன் பரிதோஷ் சாமந்தா மாடியில் நின்று, விநியோகத்தில் எந்தக் குறையும் இல்லை என்று நிரூபிக்க ஒரு வாளித் தண்ணீரைத் தன் தலையில் தானே கவிழ்த்துக்கொண்டார். கஞ்சி போட்ட ஜிப்பாவில் ஒரு மடிப்புக் கலையவில்லை. சிலர் கை தட்டினார்கள். "இந்தத் தண்ணியில் முழுகினாலும் நீங்க சாக மாட்டீங்க சேர்மன்பாபு, அது ஒண்ணுதான் லாபம்" என்று பல்ட்டு கீழேயிருந்து குரல் கொடுத்தான். ஜில்லாவிலிருந்து வந்த நிபுணர் புட்டியில் பிடித்துக்கொண்டு போனார். ஊர் எல்லையைத் தாண்டியதும் அது நல்ல தண்ணீராகி விட்டதாம், மிகச் சிறந்த தண்ணீர் என்று அவர் சொல்லியனுப்பினார். அயலூரிலிருந்து வந்த லாரித் தண்ணீரோ எல்லைக்கல்லைத் தாண்டிய கணத்தில் நனைப்பதை மறந்தது. சணல் கிடங்கு தீப்பிடித்த அன்று தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு ஒழுங்காக வந்தது. குழாயை விரித்துத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், அது தீயின் ஊடே வெளிச்சம் போலப் புகுந்து மறுபக்கம் விழுந்தது, தீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிடங்கு முழுவதும் எரிந்து முடியும்வரை தீயணைப்புக்காரர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். யூனிஃபார்ம் போட்டவர்கள் அழுது ஊர் பார்த்தது அன்றுதான்.

போக இடம் இருந்தவர்கள் ரயிலேறிப் போனார்கள். எல்லையைத் தாண்டியதும் முதல் ஸ்டேஷன் குழாயில் வாயை வைத்துக் குடித்து, சட்டையோடு நனைந்து, நடைமேடையிலேயே படுத்துச் சிரித்தார்களாம். சசாங்கபாபுவும் மகளை வண்டியில் கிடத்திக்கொண்டு போனார். அவளுக்கு மட்டும் அங்கேயும் நனைக்கவில்லை. அயலூர் ஆஸ்பத்திரியில் நெற்றியில் போட்ட ஈரத்துணி அவள் தோலைத் தொட்டதும் காய்ந்தது. இளநீர் மணலைப் போல இறங்கிற்று. கையில் ஏற்றிய சலைன் புட்டி முழுவதும் காலியான பிறகும் டாக்டர் அவள் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "உடம்பில் தண்ணீரே ஏறவில்லையே" என்றார். தோல் கிள்ளிய இடத்தில் அப்படியே நின்றது. திரும்பக் கொண்டுவந்து வீட்டில் போட்டார்.

ஜூதிகா ஒரே பெண். உதடு வெடித்துக் கண் உள்ளே போய்க் கிடந்தாள். அழுதாள், அவளுக்குக் கண்ணீரும் வரவில்லை.

நடந்தது இதுதான். ராணிதீகி என்ற பெயரே குளத்தின் பெயர். தீகி என்றால் பெரிய குளம். ஊர் நடுவில் ஊரைவிடப் பழையதாகக் கிடந்தது. அதை மண் கொட்டி மூடி, அதன்மேல் தூண்கள் நிறுத்தி, வானத்தில் ஒரு தண்ணீர்த்தொட்டியைக் கட்டி, ஊரின் எல்லாக் குழாய்களையும் அதில் கொண்டுபோய் இணைத்தது சசாங்கபாபு. மேலே இருந்து உத்தரவு. அவருக்கும் பெருமைதான். அப்புறம் அவர் பெண்ணுக்கே கல்யாணம் வந்தது, குளம் மூடிய பிறகு ஊரில் முதல் கல்யாணம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு மனிதர்களை அழைத்தால் போதாது, தண்ணீரையும் அழைக்க வேண்டும். விடிகாலையில் சுமங்கலிகள் கூடி, சங்கு ஊதி, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டு, நாவிதர் மனைவி முன்னால் நடக்கப் பித்தளைக் குடத்தோடு குளத்துக்குப் போவார்கள். வெற்றிலை பாக்கும் பதாசா மிட்டாயும் எண்ணெய் மஞ்சளும் தண்ணீருக்குக் கொடுத்து, இன்னார் வீட்டில் இன்னாருக்குக் கல்யாணம், நீ வர வேண்டும் என்று சொல்லி, ஒரு குடம் மொண்டு வருவார்கள். அதில்தான் மணப்பெண் குளிப்பாள். இப்போது குளம் இல்லை. நாவிதர் மனைவி மோக்ஷதா ஒரு நிமிஷம் யோசித்தாள், பிறகு எல்லோரையும் தொட்டியடிக் குழாய்க்கு அழைத்துப் போனாள். குழாய்க்கு மஞ்சள் பூசி, வெற்றிலை வைத்து, அழைத்தார்கள். அங்கேதான் தவறு. முன்பெல்லாம் குளத்தை அழைத்தால் அந்தக் குளம் மட்டும் வரும். தொட்டியை அழைத்தால் ஊரில் உள்ள தண்ணீர் மொத்தமும் வந்துவிட்டது.

வந்து காத்திருந்தது. ஜூதிகா அன்று முழுவதும் மணப்பெண் விரதத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் சிவப்புப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்தி முகூர்த்தம். மாப்பிள்ளையின் அம்பாசிடர் பூமாலையோடு ஊருக்குள் நுழைந்து, ஸ்டேஷன் ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்டிருந்த பள்ளத்தில் முன்சக்கரத்தை இறக்கிற்று. பள்ளம் சசாங்கபாபு தோண்டியது. கல்யாணம் முடிந்ததும் மூடலாம் என்று விட்டிருந்தார். தூக்கினார்கள், தள்ளினார்கள், கயிறு தேடினார்கள், வீட்டுக்குச் சங்கொலி கேட்கிற தூரம்தான், நடந்தே வந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு நடந்து வருவதா என்று அவர் பெரியப்பா கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்ததில் முகூர்த்தம் போயிற்று. முகூர்த்தம் தப்பிய பெண் எங்களுக்கு வேண்டாம் என்று வண்டியைப் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போனார்கள்.

தண்ணீரிடம் யாரும் சொல்லவில்லை.

இதை மோக்ஷதாதான் டீக்கடை முன்னால் நின்று ஊருக்குச் சொன்னாள். "நான் அழைச்சேன், அது வந்திருக்கு. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியை யாராவது பாத்திரம் தேய்க்கச் சொல்வாங்களா? நல்ல துணி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. எப்ப கல்யாணம்னு பார்த்துக்கிட்டிருக்கு."

பெஞ்சிலிருந்தவர்கள் யோசித்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. நிபுணர் சொன்னதைவிட இது புத்திக்கு எட்டுவதாக இருந்தது. சசாங்கபாபுவுக்கு முதல் நாளே நெஞ்சில் இடித்தது இதுதான். அந்த நாள் முதல் தண்ணீரிடம் ஊர் கொஞ்சம் மரியாதையாகவும் நடந்துகொண்டது. குழாயடியில் பெண்கள் சண்டை போடவில்லை, விருந்தாளி முன்னால் எப்படிப் போடுவது?

ஆனால் மரியாதை தாகத்தைத் தீர்க்குமா. சசாங்கபாபு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் மன்றாடிக் காலில் விழுந்தார். பெரியப்பா காலை இழுத்துக்கொண்டார். வேறு மாப்பிள்ளை தேடினார்கள், முகூர்த்தம் தப்பிய பெண், அதிலும் தண்ணீர் தொடாத பெண், யாரும் வரவில்லை. சாகக் கிடப்பவளுக்கு மாலை எதற்கு என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அப்படியென்றால் மிச்சம் ஒரே வழி. கல்யாணம் இல்லை என்று தண்ணீரிடம் போய்ச் சொல்லி விடைகொடுத்து அனுப்ப வேண்டும். சசாங்கபாபுவே தொட்டியடிக்குப் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார். குழாய் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஆண்கள் அழைத்த விருந்தாளி இல்லையே அது. சேர்மன் ஒரு அறிவிப்பு எழுதித் தொட்டியின் தூணில் ஒட்டச் சொன்னார். பசை காய்ச்சத் தண்ணீர் நனைக்க வேண்டுமே, கம்பியால் கட்டிவிட்டு வந்தார்கள்.

பெண்கள்தான் போக வேண்டும். அழைக்கப்போன சுமங்கலிகளிடம் வீடு வீடாகப் போனார். கதவு திறந்தது, முகம் தெரிந்தது, விஷயம் சொன்னதும் கதவு சாத்திக்கொண்டது. கல்யாணம் நின்றுபோனதை எந்த வாய் தண்ணீரிடம் சொல்கிறதோ அந்த வாயின் கல்யாணமும் நின்றுபோகும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மோக்ஷதா மட்டும் வாசலில் நின்று பேசினாள்.

"எனக்கு ஒரு புருஷன்தான் பாபு. குடிகாரன். ஆனா இருக்கான்."

அவர் திரும்பினார்.

அன்று ஏகாதசி. சுள்ளென்ற வெயில், மாசி மாதத்திலேயே சித்திரை போல. வீட்டுக்குள் நுழைந்தபோது ஜூதிகாவின் வாயருகே ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது, விரட்ட அவள் கை எழவில்லை. பக்கத்தில் மனைவி நீலிமா விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீ போ" என்றார் சசாங்கபாபு.

நீலிமா புரிந்துகொண்டாள். இரண்டு கையையும் மார்போடு சேர்த்து, சுமங்கலிகள் போடும் வெண்சங்கு வளைகளைப் புடவைக்குள் ஒளித்தாள். "போனா நீங்க இருக்க மாட்டீங்க."

"இல்லாமப் போறேன்."

"வாயை மூடுங்க."

"அவளைப் பாரு நீலிமா. இன்னிக்கு ராத்திரி தாண்ட மாட்டா. நான் ஐம்பத்து மூணு வருஷம் இருந்தாச்சு. போய்ச் சொல்லு."

"என்னால முடியாது." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க சாகறதுக்கு என்னையே சொல்லச் சொல்றீங்களே" என்றாள். மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவளைப் போல ஒருத்தியை அங்கே நிறுத்தியது எந்தத் தெய்வமாக இருந்தாலும் அதற்குக் கண் இல்லை.

"பௌதி, நீ உக்காரு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பௌதி என்றால் அண்ணி. "நான் போறேன்."

பிஷி வெளியே வந்தாள். அப்பாவின் தங்கைக்கு அங்கே பிஷி என்று பெயர்; ஜூதிகாவுக்குப் பிஷி, அதனால் தெருவுக்கும் பிஷி, பால்காரனுக்கும் பிஷி. கல்யாணமான அடுத்த வருஷமே புருஷனை ஆற்றுப்படகில் பறிகொடுத்து, கரையில்லாத வெள்ளைப் புடவையில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அன்று முதல் அடுப்படியும் மூலை அறையும். ஜூதிகாவைத் தூக்கி வளர்த்த இடுப்பு அவளுடையது. கல்யாணத்தன்று விடிகாலையில் சங்கு ஊதியபோது சசாங்கபாபு அவளைப் பார்த்து, "நீ உள்ள இரு, வெளிய வராதே" என்றார். அவள் உள்ளே இருந்து வெள்ளரிக்காய் நறுக்கினாள்.

ஊரில் எல்லோரும் தாகத்தில் துவண்டபோது அவள் மட்டும் நிமிர்ந்து நடமாடியதை அந்தச் சமயத்தில் யாரும் கவனிக்கவில்லை. மாதம் தவறாமல் ஏகாதசிக்கு ஏகாதசி ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் விடாமல் விதவை விரதம் இருந்தவள். கோடையிலும் இருந்தவள். காய்ச்சலிலும் இருந்தவள். தாகம் அவளுக்குப் பழகிய வீடு.

"நீ எப்படிப் போவே?" என்றார் சசாங்கபாபு. "நீ சுமங்கலி இல்லையே."

"அதனாலதான் தாதா." அண்ணனை அங்கே தாதா என்பார்கள். "கல்யாணத்தைப் பத்திக் கெட்ட செய்தி சொன்னா புருஷன் போவான், அவ்வளவுதானே? என்கிட்ட எடுத்துக்க இன்னும் என்ன இருக்கு? வந்து தேடிப் பார்க்கட்டும்."

"என் நிழல் விழக்கூடாதுன்னு உள்ள இருக்கச் சொன்னியே, இப்ப விழலாமா?" என்றும் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. கல்யாணத்துக்குச் செய்து யாரும் தொடாமல் கிடந்த சந்தேஷ் தட்டை எடுத்துக்கொண்டாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது.

மத்தியானச் சங்கு ஊதியது. வெயிலில் அவள் தெருவோடு போவதை ஜன்னல்கள் பார்த்தன. வெள்ளைப் புடவை, கையில் இனிப்புத் தட்டு. அப்படி ஒரு காட்சி அந்த ஊரில் கிடையாது. சிலர் முகத்தைத் திருப்பினார்கள், பிறகு திருப்பிய முகத்தோடேயே பின்னால் நடந்தார்கள். பல்ட்டு வெறும் டம்ளரோடு வந்தான். கோஷ் சந்திலிருந்து வந்தான். தீயணைப்புக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். சசாங்கபாபு எல்லோருக்கும் கடைசியில், செருப்பில்லாமல்.

தொட்டியடிக் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே தரை தூசியாகவே கிடந்தது. காய்ந்த மஞ்சள் குழாயின் கழுத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. பிஷி தட்டைக் கீழே வைத்து எதிரில் குந்தினாள், அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேச உட்காருவது போல.

"கேட்டியா மா. நான் ஹால்தார் வீட்டு ஆளு. உன்னைக் கூப்பிட வந்தப்ப என்னைச் சேர்த்துக்கலை. அதனால உனக்கு என்னைத் தெரியாது."

தண்ணீர் கொட்டியது.

"கல்யாணம் நடக்கலை. மாப்பிள்ளை வந்தாரு, பாதி ரோட்டுல இருந்து போயிட்டாரு. உன்மேல தப்பு இல்லை. உன்னை உக்கார வெச்சுட்டு யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லலை பாரு, அது எங்க தப்பு. மன்னிச்சுக்கோ. இதை எடுத்துக்கோ."

சந்தேஷை ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயின் கீழே வைத்தாள். தண்ணீர் அவற்றின்மேல் விழுந்தது, அவை கரையவில்லை. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மோக்ஷதா, "விடை கொடு, போன்னு சொல்லு" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

பிஷி திரும்பவில்லை. "போன்னு சொல்ல எனக்கு வாய் வரலை" என்றாள் தண்ணீரிடம். "எங்க போவே? உன் வீட்டுமேல மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க. மூடினது என் அண்ணன். உனக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. எனக்கும் இல்லை. நானும் இந்த ஊருக்கு விருந்தாளின்னு நெனச்சுக்கிட்டுத்தான் வந்தேன். பொட்டியைப் பிரிக்காம ரொம்ப நாள் மூலையில உக்காந்திருந்தேன், யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு. யாரு வருவா? ஒருநாள் எழுந்து அடுப்பை மூட்டினேன்."

முட்டியில் கையூன்றி எழுந்தாள். கல்யாணத்தன்று காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த கோபம் அப்போதுதான் குரலில் வந்தது.

"எத்தனை நாள் இப்படி உக்காந்திருப்பே? விருந்தாளியா இருக்க உனக்கும் எனக்கும் கொடுத்து வைக்கலை. அங்க ஒரு பொண்ணு கிடக்கு, நான் வளர்த்த பொண்ணு, உன்னைக் கூப்பிட்ட பாவத்துக்கு நாக்கு வறண்டு கிடக்கு. கல்யாணம் இல்லாட்டி என்ன, வீட்டுல வேலை இருக்கு. எந்திரி. வா என்கூட."

குழாய் நின்றது.

நின்ற வேகத்தில் ஊரும் மூச்சை நிறுத்திற்று. வானத்தில் தொட்டி ஒரு முறை முனகியது, வயதானவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்போது முனகுவது போல. பிறகு குழாயின் வாயில் ஒரே ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, யோசித்து, பிஷியின் பாதத்தில் விழுந்தது. கட்டைவிரல்மேல் இருந்த தூசி கறுத்துச் சேறானது.

சேறு என்றால் என்ன என்று ஊருக்கு அன்று புரிந்தது. மண் நனைந்த வாசனை தெருவோடு ஓடிற்று, பின்னாலேயே தண்ணீர் ஓடிற்று. கீழே வைத்த சந்தேஷ் பாலாய்க் கரைந்து மண்ணில் இறங்கியது. தீயணைப்புக்காரர்கள் தொப்பியில் பிடித்துக் குடித்தார்கள், சேர்மன் ஜிப்பாவோடு தரையில் உட்கார்ந்து நனைந்தார், கோஷ் இரண்டு கையாலும் மொண்டு குடித்துக்கொண்டே அழுதான், வீடுகளில் அடுப்பில் இருந்த அரிசி எல்லாம் ஒரே நேரத்தில் வெந்து ஊர் முழுக்கச் சோற்று மணம் எழுந்தது, கொடியில் கிடந்த துணிகள் வெயிலிலேயே சொட்டத் தொடங்கின. பிஷி யாரையும் பார்க்காமல் அந்தத் தட்டிலேயே தண்ணீர் ஏந்திக்கொண்டு, சிந்தாமல், தெருவின் நடுவில் நடந்து வீட்டுக்குப் போனாள். வழிவிட்டார்கள்.

ஜூதிகாவின் உதட்டில் விரலால் தொட்டு வைத்தாள். ஈரம் நின்றது. இன்னொரு விரல். இன்னொன்று. பிறகு நீலிமா கிண்ணத்தில் கொடுத்தாள், பெண் குடித்தாள், இருமினாள், மறுபடி குடித்தாள், கண் ஓரத்தில் முதலில் ஒரு பளபளப்பு வந்து அது வழிந்தது. நீலிமா அந்தக் கண்ணீரைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் தன் கணக்கைச் சரிசெய்துகொண்டது. வால்வில் அடைப்பு, எடுத்தாயிற்று என்று சேர்மன் சொன்னார். ஜில்லா நிபுணரின் யோசனை பலித்தது என்று நகராட்சியில் பேசிக்கொண்டார்கள். மோக்ஷதா சொல்லிக்கொடுத்தபடி செய்ததால்தான் என்று நாவிதர் கடையில் முடிவாயிற்று. சரிசெய்தது யார் என்று பல்ட்டுவிடம் வெளியூர்க்காரன் ஒருவன் கேட்டதற்கு, "ஓவர்சியர் வீட்டு விதவை" என்று பதில் வந்தது. பெயர் கேட்டால் பெஞ்சில் யாருக்கும் தெரியவில்லை.

சசாங்கபாபு ஸ்டேஷன் ரோட்டுக்குப் போய்த் தானே மண்வெட்டி பிடித்து அந்தப் பள்ளத்தை மூடிவிட்டு, உடம்பெல்லாம் மண்ணாக வீடு திரும்பினார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள். அடுப்படியில் தங்கை தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிறைந்த குடம். எல்லோருக்கும் மொண்டு கொடுத்திருந்தாள். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும், போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் தன்னுடைய வெண்கல டம்ளரை எடுத்தார். குடத்தில் முக்கினார். கை மணிக்கட்டுவரை நனைந்தது. அவள் முன்னால் குந்தி நீட்டினார்.

"இன்னிக்கு ஏகாதசி தாதா."

"தெரியும்."

அவள் கண்ணைத் திறந்து டம்ளரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். வாங்கவில்லை. அவரும் கையை இறக்கவில்லை. டம்ளரின் விளிம்பிலிருந்து தண்ணீர் அவர் முழங்கைவரை ஒழுகிச் சொட்டியது. அவருக்கு ஒரு வார்த்தை தொண்டையில் வந்து நின்றது. அவள் வெள்ளைப் புடவையில் அந்தப் பெட்டியோடு வாசலில் இறங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை, அதற்கு முன்னால் சிறு வயதில் குளக்கரையில் நின்றுகொண்டு இருட்டப் போகிறது வீட்டுக்கு வா என்று தினமும் அவரே கத்திக் கூப்பிட்ட வார்த்தை. துருப்பிடித்த குழாயைப் போல இருமிக்கொண்டுதான் வந்தது.

"குடி," என்றார் சசாங்கபாபு, "ஷெபாலி."